‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?’

தஞ்சை வட்டாரத்தில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வீட்டு மூலையில் ஒரு பை தயாராகிவிடும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டித் துணிகள், பிளாஸ்க், டம்ளர், ஸ்கேன் ரிப்போர்ட் கவர், கர்ப்பப் பதிவின் பிக்மி எண் எழுதிய அட்டை. இவற்றோடு ஒரு சின்ன பாட்டிலில் விளக்கெண்ணெய். பாபநாசத்துக்குப் பக்கத்தில் திருக்கருகாவூரில், கர்ப்பரட்சாம்பிகை சந்நிதியில் வைத்துப் பூஜித்த எண்ணெய் அது. பிள்ளை வரம் கேட்டு வருபவர்களுக்கு அங்கே நெய். பேறுகாலம் நல்லபடியாக முடிய வேண்டும் என்று வருபவர்களுக்கு விளக்கெண்ணெய். வலி கண்டதும் அடிவயிற்றில் தடவிக்கொள்வார்கள்.

பையில் ஒன்றும் குறையில்லை. பையோடு போகிற பெண்ணுக்குத்தான், அடுத்த பன்னிரண்டு மணி நேரமோ இருபது மணி நேரமோ தன் உடம்பில் என்ன நடக்கும் என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவள் காதில் எதுவுமே விழவில்லை என்பதல்ல. கதைகள் நிறைய விழுந்திருக்கும். அவற்றில் இரண்டு கதைகள் டெல்டா மாவட்டங்களில் எந்த வீட்டுத் திண்ணையிலும் கேட்கக் கிடைப்பவை. நடவு வயலில் வலி எடுத்து, வரப்போரம் பெற்று, கருக்கரிவாளால் கொடியை அறுத்து, மறுவாரமே களை பறிக்கப் போன பாட்டியின் கதை ஒன்று. “பத்து மணிக்கு தியேட்டருக்குள்ள போனா, பத்தரைக்குப் பிள்ளை, ராகுகாலத்துக்கு முன்னாடியே முடிச்சிட்டாங்க” என்கிற பக்கத்து வீட்டுக் கதை இன்னொன்று. இரண்டுமே நடந்திருக்கலாம். ஆனால், முதல் பிரசவத்துக்குப் போகும் பெண்ணை இரண்டுமே தவறான எதிர்பார்ப்போடு அனுப்பிவைக்கின்றன. ஒன்று, வலியைத் தாங்குவதை ஒரு பரீட்சையாக்குகிறது. மற்றது, பிரசவத்தைக் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட காரியமாக்குகிறது.

பாட்டியின் கதைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை, கல் இருக்கிறது. டெல்டாவின் பழைய சாலையோரங்களில், இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கிகளை இன்றும் காணலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக நிறுத்தியவை அவற்றில் பல. அவள் இறக்கி வைக்காத சுமைக்காக, வழிப்போக்கர்கள் தங்கள் தலைச்சுமையை இறக்கி வைக்கட்டும் என்று குடும்பத்தார் செய்த ஏற்பாடு. வரப்பில் பெற்றுப் பிழைத்தவள் கதை சொல்லப் பேரன் பேத்திகள் இருந்தார்கள். பிழைக்காதவளுக்கு அந்தக் கல் மட்டும்தான்.

அதனால்தான் ‘அந்தக் காலத்தில் எல்லாம் சுகப்பிரசவம்’ என்ற பேச்சை அப்படியே ஏற்க முடியாது. 1990-களின் தொடக்கத்தில்கூடத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பிரசவம் வீட்டில்தான் நடந்தது. மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, 2001-03-இல் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இம்மாநிலத்தில் இறந்தார்கள். 2018-20-இல் அது 54. அதே ஆண்டுகளில் இந்திய அளவு 97. இந்த இறக்கம் தானாக வந்ததல்ல. ஒவ்வொரு தாய் மரணத்தையும் ஏன் நடந்தது என்று அலசும் முறை தமிழகத்தில் 1994-இலேயே தொடங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரவிலும் பிரசவம் பார்க்க ஸ்டாஃப் நர்ஸுகள் அமர்த்தப்பட்டார்கள். நள்ளிரவிலும் சிசேரியன் செய்ய, ரத்தம் ஏற்ற வசதியுள்ள ‘சீமாங்’ மையங்கள் உருவாயின. 2008-இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. தஞ்சையில் மிராசுதார்களின் கொடையால் 19-ஆம் நூற்றாண்டில் எழுந்த இராசா மிராசுதார் மருத்துவமனைதான் இன்று தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு மனை. திருவாரூரில் 2010-இலும் நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நடந்தன.

உயிர் காக்கும் வேலை பெரும்பகுதி முடிந்திருக்கிறது. இனி அடுத்த கேள்வி வருகிறது.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடு குழந்தைகள் சிசேரியனில் பிறந்தன. அரசு மருத்துவமனைகளில் 36, தனியாரில் 63.8. இந்தியச் சராசரி 21.5 மட்டுமே. தெலங்கானாவுக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு சமூகத்தில் சிசேரியன் அளவு பத்து விழுக்காட்டைத் தாண்டிய பிறகு, அதனால் தாய்-சேய் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. அது ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போட்ட உச்சவரம்பு இல்லை. சிக்கலான கேஸ்களெல்லாம் வந்து சேரும் பெரியாஸ்பத்திரியில் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். ஆனாலும், இரண்டில் ஒரு பெண்ணின் உடம்பால் பிள்ளை பெற முடியவில்லை என்று யாரும் வாதாட முடியாது.

பழியை மருத்துவர் தலையில் மட்டும் போடுவது சுலபம், நியாயமல்ல. கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரே மகப்பேறு மருத்துவர் நடத்தும் சின்ன நர்சிங் ஹோமை நினைத்துப் பார்க்கலாம். மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும். வெளியே ஹாலில் பத்து உறவினர்கள். தலைப்பிரசவம் பதினெட்டு மணி நேரம் நீளலாம். அதற்குள் வேறு நோயாளிகள். அதிகாலை மூன்று மணிக்கு ஏதாவது தப்பாகிவிட்டால் என்கிற பயம். மாலை ஆறு மணிக்கே அறுவை சிகிச்சை முடிவு வந்துவிடுகிறது. இரண்டாவது பிள்ளையென்றால் குடும்பமும் சேர்ந்துகொள்ளும்: “அதோட குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிடுங்க டாக்டர்.” கருத்தடைக்கான சுமை முழுவதையும் மனைவியின் மேல் ஏற்றிய பழக்கம், பிரசவம் எப்படி நடக்கும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. முதல் பிள்ளை சிசேரியன் என்றால் அடுத்ததும் பெரும்பாலும் அதுதான் என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்ட விதி. தழும்புக்குப் பிறகும் இயல்பாகப் பெற முடிகிறவர்கள் உண்டு. அதற்குக் கண்காணிப்பும் பொறுமையும், உடனே திறக்கக்கூடிய தியேட்டரும் வேண்டும்.

நேரம் குறித்துக் கொடுப்பது தனிக் கதை. பிறக்கும் நாளைக் கட்டுப்படுத்தும் ஆசை இங்கே புதிதில்லை. சித்திரையில் பிள்ளை பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஆடி மாதம் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் எத்தனை தலைமுறையாக நடக்கிறது! இப்போது ஜோசியர் தாளில் நிமிடக் கணக்கு வருகிறது. 39 வாரம் முடிவதற்கு முன், மருத்துவக் காரணம் இல்லாமல் நல்ல நேரத்துக்காக எடுக்கப்படும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரும் வாய்ப்பு கூடுதல். இதை ஜோசியரிடம் யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் உண்மையில் என்னதான் நடக்கும்? அட்டையில் எழுதியிருக்கும் பிரசவத் தேதியிலிருந்தே தொடங்கலாம். கடைசி மாதவிலக்கிலிருந்து 280 நாள் என்று எண்ணிப் போட்ட தேதி அது. சரியாக அந்த நாளில் பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறாது. முன்பின் இரண்டு வாரம் இயல்பே. ஆனால் அந்தத் தேதி கடந்த மறுநாள் காலையிலேயே வெளியூர்ச் சித்தப்பா போன் செய்துவிடுவார்.

பிறகு வலி. விட்டு விட்டு வரும், நின்றுபோகும், மறுநாள் ராத்திரி மறுபடி வரும். நம் வீடுகளில் இதற்கு ‘சூட்டு வலி’ என்று பெயர். சீரகம் கொதிக்கவைத்த தண்ணீரைக் கொடுத்து, வெந்நீரில் குளிக்கவைத்து, படுக்கச் சொல்வார்கள். அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, வர வர நெருங்கினால் பிள்ளை வலி. இது நல்ல சோதனை. ஓய்வெடுத்தும் நிற்காத, நெருக்கமும் அழுத்தமும் கூடிக்கொண்டே போகிற வலிதான் பிரசவ வலி என்று மருத்துவமும் சொல்கிறது. ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு கண் மங்கினாலோ சீரகத் தண்ணீருக்குக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டியதுதான்.

உண்மை வலி தொடங்கிய பிறகும் முதல் கட்டம் மெதுவாகத்தான் நகரும். கர்ப்பப்பையின் வாய் மெலிந்து, இளகி, 5 சென்டிமீட்டர் திறக்கும்வரை உள்ள நேரத்துக்குக் கணக்கே கிடையாது. சிலருக்கு நாலு மணி நேரம். சிலருக்கு ஒரு முழுப் பகலும் இரவும். “இன்னும் வாய் திறக்கலம்மா” என்று நர்ஸ் சொல்லும்போது, தன்னிடம் ஏதோ கோளாறு என்று பெண் நினைத்துக்கொள்கிறாள். கோளாறு இல்லை. பெரும்பாலான தலைப்பிரசவங்கள் அப்படித்தான்.

இந்த இடத்தில் ஒரு வரலாறு உண்டு. நியூயார்க்கில் இமானுவேல் ஃப்ரீட்மன் என்ற மருத்துவர் 1955-இல் முதல் முறை பிரசவிக்கும் 500 பெண்களின் வலி நேரத்தை வரைபடமாக்கினார். 1972-இல் அன்றைய ரொடீசியாவில் பில்பாட், காசில் என்ற இருவர் அதை விளக்கப்படமாக்கி, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்க வேண்டும் என்று ஒரு கோடு போட்டார்கள். தூரத்துக் கிராமங்களிலிருந்து வரும் பெண்களில் யாரைச் சீக்கிரம் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கோடு. அது பல உயிர்களைக் காத்தது. காலப்போக்கில் அதுவே சட்டம் போலாகிவிட்டது. கோட்டுக்குப் பின்தங்கினால் வலியைக் கூட்டும் ‘வலி ஊசி’, அல்லது தியேட்டர். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் திருத்தியது: தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பது மட்டுமே தலையிடுவதற்குக் காரணமாகாது. 5 சென்டிமீட்டருக்குப் பிறகு முதல் பிரசவத்தில் 12 மணி நேரம் வரையிலும், அடுத்தடுத்த பிரசவத்தில் 10 மணி நேரம் வரையிலும் ஆகலாம். முழுவதும் திறந்த பின் குழந்தை வெளிவர முதல் முறை மூன்று மணி நேரம் வரை பிடிக்கலாம். வழக்கமாகச் செய்துவந்த சவரமும் எனிமாவும் தேவையில்லை. எல்லோருக்கும் பிறப்புறுப்பைக் கத்தரித்துத் தையல் போடுவதும் தேவையில்லை.

இந்த நான்கைந்து வரிகள் தெரிந்திருந்தால் எத்தனை பெண்களின் பயம் குறையும்!

வலி ஊசியைப் பற்றி அமெரிக்க மானுடவியலாளர் சிசிலியா வான் ஹோலன் தமிழ்நாட்டில் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். 1990-களில் இங்குள்ள ஏழைப் பெண்கள் தாங்களே வலி ஊசி கேட்டார்கள். வலி சீக்கிரம் வந்து சீக்கிரம் முடியட்டும் என்று விரும்பினார்கள். வலியைக் கூட்டும் மருந்து கிடைத்தது, வலியைத் தணிக்கும் மருந்துக்குத்தான் வழியில்லாமல் இருந்தது. இன்றும் டெல்டாவில் நிலைமை பெரிதாக மாறவில்லை. முதுகுத்தண்டில் செலுத்தும் எபிடியூரலுக்கு மயக்க மருந்து நிபுணர் இரவும் பகலும் இருக்க வேண்டும். அது பெரிய ஊர்களின் சில மருத்துவமனைகளில்தான் நடக்கும். காசு செலவில்லாத வழிகளாவது எல்லாருக்கும் கிடைக்க வேண்டாமா? எழுந்து நடப்பது, இடுப்பை அழுத்திவிடுவது, வெதுவெதுப்பான ஒத்தடம், மல்லாந்தே கிடக்காமல் தனக்கு வசதியான நிலையில் இருப்பது. நடந்தும் நிமிர்ந்தும் இருந்த பெண்களுக்கு முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் அறிக்கை சொல்கிறது.

ஸ்கேன் வார்த்தைகளும் பயமுறுத்தும். “கொடி சுத்திருக்கு” என்றதும் வீடே அழத் தொடங்கிவிடும். ஐந்தில் ஒன்றோ நான்கில் ஒன்றோ குழந்தைகள் கழுத்தில் கொடி சுற்றித்தான் பிறக்கின்றன. பெரும்பாலும் பிறக்கும்போது மெல்ல எடுத்துவிட்டால் போதும். வலி நேரத்தில் இதயத் துடிப்பு விழுந்தால்தான் அது வேறு விஷயம்.

எதிர்பார்ப்பு மறுபக்கம் சாய்ந்தாலும் ஆபத்து. 2018 ஜூலையில் திருப்பூரில், யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவிக்க முயன்ற ஓர் ஆசிரியை ரத்தப்போக்கால் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்கு இலவசப் பயிற்சி என்று விளம்பரம் செய்தவர் கோவையில் கைதானார். மருத்துவமனையில் தன்னை மரியாதையாக நடத்த மாட்டார்கள், தேவையில்லாமல் அறுப்பார்கள் என்ற பயம்தான் படித்தவர்களையும் அந்தப் பக்கம் தள்ளுகிறது. அந்தப் பயத்துக்கு வழக்கு மட்டும் பதிலாகாது. பிரசவ அறை மாற வேண்டும். அதற்காக வீட்டிலேயே பெறுவதும் பதிலல்ல. பிள்ளை பிறந்தபின் வரும் ரத்தப்போக்கை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாது. சுகப்பிரசவம் ஆகும் என்று பூங்கார் அரிசிக் கஞ்சி குடித்தவளுக்கும் வரும், யோகா செய்தவளுக்கும் வரும். பூங்கார் நல்ல அரிசி. அந்தக் கஞ்சியைத் தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் பிரசவம் எப்படி அமையும் என்ற உறுதிமொழியை எந்த அரிசியிடமும் வாங்க முடியாது.

திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கதை எல்லோருக்கும் தெரியும். தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்த ரத்னாவதிக்குத் துணையாக வர வேண்டிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். சிவனே தாய் வடிவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது வீட்டில் இரண்டு தாய்கள். நல்லபடியாகப் பெற்றவர்கள் இன்றும் அங்கே வாழைத்தார் வைத்து வணங்குகிறார்கள். அந்தக் கதையில் சிக்கலான பிரசவம் எதுவும் இல்லை. அவள் கேட்டது பக்கத்தில் ஒரு துணை. தெய்வம் கொடுத்ததும் அதைத்தான்.

பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது, அன்று காவிரி செய்த வேலையைப் பிரசவ அறைக் கதவு செய்தது. அம்மா வெளியே பெஞ்சில். மகள் உள்ளே தனியாக. முகம் தெரியாதவர்களின் அதட்டல் வேறு. தமிழக அரசு 2000-களின் நடுவிலேயே அரசு மருத்துவமனைப் பிரசவ அறைகளில் பெண் துணை ஒருவரை அனுமதிக்க முடிவெடுத்தது. மத்திய அரசும் 2016-இல் இதையே சொன்னது. 2017 இறுதியில் வந்த ‘லக்ஷ்யா’ திட்டம் இதைத் தர அளவுகோலில் சேர்த்தது. இது பரிவுக்காக மட்டும் சொல்லப்பட்டதல்ல. 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான காக்ரேன் அறிக்கையின்படி, தொடர்ந்து பக்கத்தில் துணை இருந்த பெண்களுக்கு இயல்புப் பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் சுருங்கியது. மருந்தில்லை, இயந்திரமில்லை, ஒரு அத்தையோ அக்காவோ கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான். இப்படி ஒரு உரிமை தங்களுக்கு இருப்பது தெரியாத குடும்பங்கள் ஏராளம். “அம்மா கூட இருக்கலாமா?” என்று அட்மிஷன் போடும்போதே கேட்க வேண்டும்.

சிசேரியன் ஆன பெண்ணுக்கும் ஒரு வார்த்தை. “நீ என்ன வலிக்கவா பெத்த?” என்று கேட்கும் வாய்கள் நம் வீடுகளில் இருக்கின்றன. வயிற்றில் ஏழு அடுக்கை அறுத்துத் தைத்த உடம்போடு, மறுநாள் எழுந்து நடந்து, பிள்ளைக்குப் பாலும் கொடுப்பவளிடம் கேட்கிற கேள்வியா அது? நஞ்சுக்கொடி கீழே இறங்கி வழியை மறைத்தவளுக்கும், குழந்தையின் துடிப்பு விழுந்தவளுக்கும் அந்த அறுவை சிகிச்சை இல்லையென்றால் சாலையோரத்தில் இன்னொரு சுமைதாங்கி. ஏன் செய்தார்கள் என்று மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது அவளுடைய உரிமை. அடுத்த பிரசவத்துக்கும் அந்தப் பதில் தேவைப்படும்.

முன்கூட்டி யாரும் சொல்லாத கதைதான் பால் விஷயத்திலும். முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும்; நெல்லிக்காய் அளவு வயிற்றுக்கு அது போதும். ‘பால் வரல’ என்று மாவு டப்பா வாங்க யாராவது ஓடுவதற்கு முன் இதையும் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

இப்படிச் சொல்லி வைப்பது முடியாத காரியமில்லை. டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலான அரசின் மகப்பேறு உதவி 1987-இல் 300 ரூபாயாகத் தொடங்கி, 2018-இல் ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாயானது. நடவுக்கும் அறுப்புக்கும் போகும் பெண் கூலியை விட்டுவிட்டு ஓய்வெடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எந்தத் தவணை எப்போது வரும், எந்தக் கார்டு வேண்டும் என்பதெல்லாம் ஊருக்கே மனப்பாடம். சொல்லிச் சொல்லித்தான் அது பரவியது. வலி எப்படி நகரும் என்பதையும் அதேபோலச் சொல்லிவிட முடியும்.

இடம்கூடத் தயாராக இருக்கிறது. அங்கன்வாடிகள் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில் ஐம்பது அறுபது கர்ப்பிணிகள் ஒரே பந்தலில் உட்காருகிறார்கள். வளையல் போட்டு, சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதம் பரிமாறுகிறார்கள், பிரமுகர்கள் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் அரை மணி நேரத்தைப் பிரசவ அறையில் வேலை பார்க்கும் ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்குக் கொடுக்கலாம். 5 சென்டிமீட்டர் என்றால் என்ன, எப்போது கிளம்ப வேண்டும், யாரை உடன் அழைத்து வரலாம், எப்போது அறுவை சிகிச்சை தேவைப்படும் என்று அவர் சொல்லட்டும். கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ அறையை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு மாமியாரும் கணவரும் கட்டாயம் வந்து உட்கார வேண்டும். ஆறாவது மணி நேரத்தில் கதவைத் தட்டி, “இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? ஆபரேஷன் பண்ணி எடுத்துட வேண்டியதுதானே?” என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.